ஐந்து சதத்தின் நினைவு

‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்கும் பேச்சுக்கு நம் நாட்டில் ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை. அரிசிக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, மாவுக்கு வந்திருக்கிறது, மண்ணெண்ணெய்க்கு வந்திருக்கிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்தத் தீவு 2025ஆம் ஆண்டிலே இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்யவும் நேர்ந்தது. புத்தளத்து உப்பளங்களின் அருகே வாழ்கின்றவர்களும் அந்த உப்பையே எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் பழைய விலைகளைப் பற்றிய பேச்சு மட்டும் எக்காலத்திலும் தாராளமாகக் கிடைத்து வந்திருக்கிறது.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை, தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்கரையில் எந்த ஊருக்குச் சென்றாலும் இப்பேச்சைக் கேட்கலாம். தேத்தண்ணீர்க் கடையில் கேட்கலாம். ஆயினும் இதற்கு உரிய இடம் மரண வீடுதான். இரவு விழித்திருப்போருக்கு இஞ்சி தட்டிப்போட்ட வெறுங்கோப்பி வருகிறது. பெரியவர்கள் அதைப் பீரிசில் ஊற்றி ஆற்றி, உள்ளங்கையில் கொட்டிய சீனியை நாவால் தொட்டுக்கொண்டு உறிஞ்சுகிறார்கள். இறந்தவரின் நற்குணங்களைப் பற்றிய பேச்சு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பின்பு ஒருவர் தொடங்குகிறார்: தேத்தண்ணீர் ஐந்து சதத்துக்குக் குடித்தோம், பாண் இத்தனை சதம், ஒரு ரூபாவை மடியில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போனால் பை நிறையச் சாமானும், திரும்பி வர வண்டிக் கூலியும், பிள்ளைக்கு ஒரு மிட்டாயும். மற்றவர் அதைத் திருத்துகிறார். இன்னொருவர் அதற்கும் முந்திய விலையைச் சொல்கிறார். விடியும்வரை சதங்கள் உருண்டுகொண்டே இருக்கின்றன.

இப்பேச்சை மறுப்பதற்குப் படித்தவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக உண்டு. பொருளாதாரம் படித்தவர் சொல்வார்: விலை ஏறியது போலக் கூலியும் ஏறியிருக்கிறது, பணத்தின் மதிப்பு குறைந்திருக்கிறது, ஆகவே ஐந்து சதத்தையும் இன்றைய ரூபாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அறியாமை. மனவியல் படித்தவர் சொல்வார்: இவர்கள் ஏங்குவது விலைக்காக அல்ல, தங்கள் இளமைக்காக. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் பேசுகின்றவரை மௌனமாக்குவதற்கே பயன்படுகின்றன. ஒரு மனிதன் அறுபது ஆண்டுகளாக ஒரு விலையை மனத்தில் சுமந்து திரிகிறான் என்றால், அவன் கணக்குத் தெரியாதவன் என்று சொல்லி நாம் எழுந்து போய்விடலாகாது.

எனக்கு இது நினைவாற்றலைப் பற்றிய பிரச்சினையாகத் தோன்றவில்லை. அறத்தைப் பற்றிய பிரச்சினையாகவே தோன்றுகிறது. மலிவான காலம் ஒன்று இருந்ததென்று நினைக்கின்றவன், அந்த மலிவுக்காக யாருக்குக் கடன்பட்டவன்?

உடப்புப் பக்கத்தில் ஒரு மரண வீட்டில் நான் கேட்ட உரையாடல் இது. பெரியவர் ஒருவர் மீனின் பழைய விலையை மிக உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடையோடு வாங்கினோம் என்றார். பக்கத்தில் கோப்பித் தட்டத்தோடு நின்ற இளைஞன், அவருடைய உறவினன்தான், மரியாதையாகவே கேட்டான்: “அப்ப வலை இழுத்த ஆளுக்கு எவ்வளவு கிடைச்சுது, பெரியப்பா?” பெரியவர் யோசித்தார். அவரும் வலை இழுத்தவர்தான். மீனின் விலை, துணியின் விலை, சுருட்டின் விலை எல்லாம் அவருக்குச் சதக் கணக்கில் நினைவிருந்தது. தம் பங்காகக் கிடைத்தது மட்டும் நினைவில்லை. “என்னத்தக் கிடைச்சுது! சம்மாட்டியிட கொப்பியில கழிஞ்சிரும்” என்றார்.

கோப்பிக்கும் கொப்பிக்கும் நம் நாட்டுத் தமிழில் ஒரு கொம்பின் வேறுபாடுதான். ஒன்றைக் குடிக்கிறோம், மற்றதில் கடன் எழுதுகிறோம். பழைய விலைகளைப் பற்றிய நினைவில் கோப்பி இருக்கிறது, கொப்பி இல்லை. முன்பணம் கொடுத்தவனே வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரன். பட்ட மீனுக்கு விலை சொல்பவனும் பல வேளை அவனே அல்லது அவனோடு பேசிவைத்த வியாபாரியே. கரையில் மீன் மலிந்த நாள், அம்பாப் பாடி வலை இழுத்தவனுக்குப் பங்கு மெலிந்த நாள். கருவாடு மலிவாக இருந்ததென்றால், மணலில் பாய் விரித்து, மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் புரட்டிய பெண்ணின் பகற்பொழுது மலிவாக இருந்தது. ஒரு பண்டத்தின் விலைக்குள் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான உறவு மறைந்து நிற்கிறது என்று மார்க்ஸ் சொன்னதை நம் மாணவர்கள் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். இந்தக் கரையில் அதைப் படிக்கப் புத்தகமே வேண்டியதில்லை.

இக்கரையின் மலிவுக்கு மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1344ஆம் ஆண்டு புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையிலே மேடு மேடாகக் கிடந்ததை எழுதியிருக்கிறார். மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை விலை கொடாமலே ஏற்றிச் சென்றார்கள். ஈடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். கறுவாவுக்கு விலையே இல்லாத காலம்! மூன்று நூற்றாண்டுகள் கழித்து ஒல்லாந்தர் வந்தார்கள். கற்பிட்டியில் கோட்டை கட்டிக் கண்டியின் வணிகத்துக்கு வாயிலடைத்தார்கள். கும்பனிக்குத் தெரியாமல் கறுவா விற்றவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் செய்தார்கள். அதே பட்டை, அதே மண். விலையில்லாப் பொருள் உயிர் விலைக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய வீடுகளில் அதே கறுவாவின் விலையைப் பற்றிக் கோப்பி குடித்தபடி பேசியவர்களும் இருந்திருப்பார்கள்.

அந்தக் கோப்பியைத்தான் எடுத்துக்கொள்வோமே. பழைய விலைகளைப் பற்றிப் பேசும் வாய்க்கு ஈரம் தருவது அது. இலங்கை ஒரு காலத்தில் தேயிலை நாடாக இருக்கவில்லை. கோப்பி நாடாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிட்ட வெள்ளைத் தோட்டக்காரர்கள், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக மனிதர்களை வருவித்தார்கள். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதையின் காடுகளூடே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துருப் பிடிக்கும் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் தோட்டங்கள் அழிந்தன. அவ்விடத்தில் தேயிலை ஏறியது. கோப்பி போய்விட்டது, அதற்காக வந்தவர்கள் போகவில்லை. வீட்டு முற்றத்தில் ஒன்றிரண்டு மரமாகவும், மரண வீட்டில் ஒரு கோப்பையாகவும் இன்று எஞ்சியிருக்கும் கோப்பிக்குப் பின்னால் அந்தப் பாதை கிடக்கிறது.

அவர்களின் பேரப்பிள்ளைகளின் முதுகில்தான் நாம் நினைத்து ஏங்கும் மலிவுக் காலத்தின் ஒரு பெரும் பாரம் இறங்கியது. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் பாராளுமன்றத்துக்கு ஏழு பேரை அனுப்பிய மக்கள் அதன் பின் ஒருவரையும் அனுப்ப முடியாதவராயினர். அக்காலத்து அரசாங்கத்தின் வருமானத்தில் தேயிலை ஏற்றுமதித் தீர்வை ஒரு பெருந்தூண். வெளிநாட்டிலிருந்து அரிசி வாங்கிக் குறைந்த விலைக்கு மக்களுக்குக் கொடுக்க அரசாங்கத்தால் முடிந்ததென்றால், கொழுந்து பறித்த விரல்களும் அதற்குக் காரணம். அவர்களுக்கும் பங்கீட்டு அரிசி கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அரிசியின் விலையைப் பற்றி வாக்குச் சீட்டால் ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு இடமில்லை. ‘எல்லாம் மலிவு’ என்று கரையோரத்துப் பெரியவர் சொல்லும் ஆண்டுகள் அவை.

விலை ஒன்றாயிருந்தாலும் பாத்திரம் ஒன்றாயிருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஐந்து சதத் தேநீரைப் பற்றி யாழ்ப்பாணத்துக்காரர் பேசும்போது நான் எப்போதும் ஒன்றைக் கேட்பதுண்டு: எந்தப் பாத்திரத்தில்? அங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் தேநீர்க் கடைக்குள்ளே நுழையக் கூடாது. வெளியே நின்று போத்தலிலோ சிரட்டையிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். ஐந்து சதம் ஐந்து சதம்தான். அதை வாங்கிய கை மேசைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து அது வேறு நாணயமாகிவிட்டது. தீண்டாமையைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. வந்த பிறகும் கடைக் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து இடதுசாரிகள் முன்னின்று நடத்திய தேநீர்க் கடைப் போராட்டங்களும், அடிபட்டவர்களும் உயிரிழந்தவர்களும் வேண்டியிருந்தார்கள், ஒரு மனிதன் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதற்கு. அந்தத் தேநீரின் விலை என்ன என்று கேட்டால், ஐந்து சதம் என்று சொல்லலாமா?

உயிரும் அக்காலத்தில் மலிவாகவே இருந்தது. 1934–35 மலேரியாவில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். தெதுரு ஓயா ஓடிவந்து கடலில் கலக்கும் சிலாபப் பகுதியும் அதில் தப்பவில்லை. விலை கேட்டால் அந்த ஆண்டுகளில் எல்லாமே சல்லி.

அப்படியானால் மரண வீட்டில் விடியும்வரை பேசியதெல்லாம் பொய்யா? இல்லை. இத்தனையும் சொன்ன பிறகுதான் அப்பேச்சின் நடுவில் இருக்கும் உண்மையைத் தொட முடியும்.

அவர்கள் நினைவில் மிகத் துல்லியமாக இருக்கும் விலை ஒன்று உண்டு. தேநீரின் விலையைச் சொல்கையில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். இந்த விலையைச் சொல்கையில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். கூப்பன் அரிசி, கொத்து இருபத்தைந்து சதம். போர்க்காலத்தில், 1942இல், வந்தது அரிசிப் பங்கீடு. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோன வேளையில், இருப்பதை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் பிறந்த ஏற்பாடு அது. போர் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. சங்கக் கடைக்குக் கூப்பன் புத்தகத்தோடு போனால், பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஆளுக்கு இத்தனை கொத்து. அரிசி நாற்றமடித்தது, கல் கிடந்தது, வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இதையும் அதே பெரியவர்களே சொல்வார்கள். ஆனால் அது கிடைத்தது. கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தது.

அந்த இருபத்தைந்து சதம் இயற்கையாய் அமைந்த விலை அன்று. சந்தையில் அப்படி ஒரு விலை இருந்ததே இல்லை. கொரிய யுத்தத்தால் உயர்ந்திருந்த இறப்பர் விலை சரிந்து, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியிருந்த 1953இல், டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், ஜே. ஆர். ஜெயவர்த்தனா நிதியமைச்சராயிருக்க, கொத்து அரிசியை இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதத்துக்கு ஏற்றியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடு கதவடைத்தது. மேற்குக் கரையோரத்திலும் தெற்கிலும் மக்கள் மரங்களை வெட்டி வீதிகளை மறித்தார்கள்; தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் இறந்தார்கள். அமைச்சர்கள் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடி ஆலோசித்தார்கள். தம் மக்களின் அரிசிப் பானையைக் கண்டு அஞ்சிக் கப்பலில் ஏறிய அமைச்சரவைகள் உலகில் அதிகம் இரா. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அரிசி விலை சற்று இறக்கப்பட்டது. அடுத்து வந்த அரசாங்கங்கள் இன்னும் இறக்கின.

ஆகவே, ‘அந்தக் காலத்தில் அரிசி இருபத்தைந்து சதம்’ என்ற வாக்கியத்தைச் சொல்பவர், தாம் அறியாமலே ஒரு போராட்டத்தின் முடிவைச் சொல்கிறார். அவருடைய நினைவு போராட்டத்தை உதிர்த்துவிட்டு விலையை மட்டும் வைத்துக்கொண்டது. வென்றெடுத்த ஒன்றைக் காலம் தந்த கொடைபோல நினைப்பதுதான் இந்த ஏக்கத்தின் மெய்யான குற்றம் என்று நான் கருதுகிறேன். இளமையை நினைத்து ஏங்குவது ஒரு குற்றமே அன்று. கொடையாக வந்தது போய்விட்டால் அழலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை. உரிமையாக வந்தது போய்விட்டால் யார் எடுத்தார்கள் என்று கேட்கலாம்.

யார் எடுத்தார்கள் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1966இன் இறுதியில், மீண்டும் பிரதமராயிருந்த டட்லி சேனநாயக்கா, இரண்டு கொத்தில் ஒன்றைக் குறைத்து மற்றதை இலவசமாக்கினார். 1970 தேர்தலில் ஐக்கிய முன்னணி அந்த இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்தது. சந்திர மண்டலத்திலிருந்தாயினும் கொண்டுவந்து தருவோம் என்ற மேடைப் பேச்சைப் பலர் இன்றும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள். 1973–74இல் உலகமெங்கும் உணவு விலை ஏறிய வேளையில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. மலைநாட்டுத் தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் மாண்டார்கள். இடதுசாரி அமைச்சர்கள் இருந்த அரசாங்கத்தின் காலத்தில்தான் அது நடந்தது என்பதை நம்மவர் சிலர் மெல்ல விழுங்கிக்கொள்வதுண்டு. அதே ஆண்டுகளை, இறக்குமதி நின்றதால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கண்ட யாழ்ப்பாணத்து விவசாயி பொற்காலம் என்கிறார். ஒரே காலம், ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார், ஒருவர் செத்தார். நினைவுகள் மூன்று. மூன்றாவது நினைவைச் சொல்ல ஆளில்லை.

1979இல் பங்கீடு எடுக்கப்பட்டு உணவு முத்திரை வந்தது. இந்த மாற்றத்தை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதுவரை மனிதனுக்கு உரியது என்று அரசு ஒப்புக்கொண்டது இத்தனை கொத்து அரிசி. இனி அவனுக்கு உரியது இத்தனை ரூபா பெறுமதியுள்ள ஒரு காகிதம். கொத்து சுருங்காது. நேற்றைய கொத்தும் இன்றைய கொத்தும் ஒன்றே. அதில் வெந்த சோறு அதே வயிற்றை நிரப்பும். ரூபாவோ வெயிலில் வைத்த பனங்கட்டி. முத்திரையில் அச்சிட்ட தொகை மாறவில்லை. விலைகள் மாறிக்கொண்டே இருந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்தக் காகிதத்தின் வாங்கும் சக்தி பாதியளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஒருவரும் அதைப் பறிக்கவில்லை. ஹர்த்தால் செய்வதற்கு ஒரு நாள் குறிக்க முடியவில்லை. 1953இல் ஒரே இரவில் எழுபது சதமாக்கியவர்களை எதிர்க்க முடிந்தது. நாளுக்கு நாள் தேய்ந்ததை எதிர்த்து எந்த நாளில் வீதிக்கு இறங்குவது? கொத்தில் அளந்து கொடுத்தது உரிமை. காசில் அளந்து கொடுத்தது தருமம். பெரியவர் ‘விலைவாசி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது இந்த வேறுபாட்டைத்தான். அதற்கு அவரிடம் வேறு சொல் இல்லை; நாமும் அவருக்கு ஒன்றைக் கொடுக்கவில்லை. மலைநாட்டில் நாட்கூலி ஆயிரம் ரூபா வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுகள் போராடி 2021இல் நிறைவேறியதும், அடுத்த ஆண்டே விலையேற்றம் அந்த ஆயிரத்தைத் தின்றுவிட்டதும் இதே கதையின் இன்னோர் அத்தியாயம்.

புத்தளத்தில் பழைய விலைகளைப் பற்றிப் பேசுகின்ற இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. அவர்களின் பேச்சு வேறு வகையானது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, அவர்களின் ஊர்களிலிருந்து வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. சில நூறு ரூபாவுக்கு மேல் கொண்டுபோக விடப்படவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டையும் கடையையும் தோணியையும் விட்டு இத்தனை ரூபாவோடு போகலாம் என்று ஒருவன் துப்பாக்கியோடு நின்று கணக்குச் சொன்னான். அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம், கற்பிட்டிக் கரைக்கே. கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய முகாம் வாழ்க்கை பலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் நீண்டது. கடை வைத்திருந்தவர் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார்.

இவர்களும் கோப்பி குடித்தபடி விலைகளைத்தான் பேசுகிறார்கள். சோனகர் தெருவில் இறைச்சி என்ன விலை, எருக்கலம்பிட்டியில் மீன் என்ன விலை, தண்ணீரூற்றில் ஒரு பரப்புக் காணி என்ன விலை. மற்றவர்களின் பேச்சைப் போலவே ஒலிக்கும் இது உண்மையில் ஒரு சாட்சியம். உறுதிகளும் கணக்குப் புத்தகங்களும் எரிந்தோ தொலைந்தோ போனவர்களுக்கு, ஒரு தெருவில் ஒரு பொருளை இன்ன விலைக்கு வாங்கினோம், விற்றோம் என்ற நினைவுதான் அந்தத் தெரு தங்களுடையது என்பதற்கு எஞ்சிய அத்தாட்சி. மலிவுக்காக ஏங்குகிறார்கள் என்று எண்ணுபவன் அவர்களைக் கேட்கவில்லை. தமிழில் எழுதும் நாம், பிறர் நமக்கு இழைத்த அநீதிகளின் கணக்கை ஒரு சதமும் பிசகாமல் வைத்திருக்கிறோம். இந்த இரண்டு மணி நேரத்தையும் அந்தச் சில நூறு ரூபாவையும் அதே கொப்பியில் எழுதியிருக்கிறோமா என்பதை ஒவ்வொருவரும் புரட்டிப் பார்க்கட்டும்.

நம் கண்ணெதிரே இப்போது புதியதொரு ‘அந்தக் காலம்’ உருவாகிக்கொண்டிருக்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது இக்கரையின் சிறு தோணிகள் மண்ணெண்ணெய் இன்றி வாரக்கணக்கில் மணலில் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறியது. களப்பில் வலை வீசுபவன், வெளியிணைப்பு இயந்திரத்தோடு கடலுக்குப் போகிறவன், மின்சாரமில்லாக் குடிசையில் விளக்கேற்றுகிறவள், எல்லோருக்கும் அதே விலை. இன்று கரையில் கேட்டால், “எண்பத்தேழு ரூபாவுக்கு எண்ணெய் அடிச்சிக் கடலுக்குப் போனம்” என்று இப்போதே ஏக்கத்தோடு சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகள் போனால் இதைச் சொல்லக் கிழவர்கள் இருப்பார்கள். எண்பத்தேழு ரூபா ஐந்து சதத்தின் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிடும்.

அந்த எண்பத்தேழு ரூபா எங்கிருந்து வந்தது? 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. கரையோர ஊர்களில் மீனவர்கள் தோணிகளைக் கரையேற்றிவிட்டு வீதிக்கு வந்தார்கள். அம்மாதம் 15ஆம் நாள் சிலாபத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது; மீனவர் ஒருவர் இறந்தார். அதன் பின் மீனவர்களுக்கு எரிபொருள் மானியம் அறிவிக்கப்பட்டது. 2015இல் ஆட்சி மாறியதும் விலை இறங்கியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்ததும் அதற்கு ஒரு காரணம்; எல்லாவற்றையும் மக்களின் போராட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் 2012இல் 106 ரூபாவாக இருந்த பொருள் பத்தாண்டுகளின் பின் 87 ரூபாவாக இருந்தது என்பதை எந்தச் சந்தையின் விதியாலும் முழுதாக விளக்கிவிடவும் முடியாது. விலையை ஏற்றுவதற்கு முன் சிலாபத்தை நினைத்துத் தயங்கிய ஆட்சியாளர்கள் இடையில் இருந்தார்கள்.

சிலாபத்துக் கரையில் அந்த மனிதரை அறிந்தவர்கள் இன்னும் வாழ்கிறார்கள். எண்பத்தேழு ரூபாவைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் அவருடைய பெயரைக் கேட்டுப் பார்த்தேன். நால்வரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.